பத்தாவது மெடல்

இந்த ஜாக்கெட்டைத்தானே பாக்கறீங்க? பாருங்க, தொட்டுக்கூடப் பாக்கலாம், தப்பில்ல. ஏசி கோச்சுல குளிருதுன்னு போட்டிருக்கேன்னு நினைக்காதீங்க. மே மாசத்துல கடையிலயே இதைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். கடைப் பசங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். சென்னையில இந்தச் சிவப்பு ஜாக்கெட் வச்சிருக்கறவங்க மொத்தமே ஏழு பேரு, நான் ஏழாவது ஆளு. நெஞ்சுல பேரு தைச்சிருக்கு பாருங்க. தனசேகர். நான்தான்.

உங்க பையில ஷூ தொங்கறதைப் பாத்தேன். நீங்க ஞாயித்துக்கிழமை ஐதராபாத்துல ஓடத்தான் போறீங்க, இல்ல? முதல் தடவையா? அட, அப்ப நல்ல ஆள்கிட்டதான் வந்து உக்காந்திருக்கீங்க. நான் இந்தத் தடவை ஓடலை, எங்க ஓட்டக் குழு ஓடறதைப் பாக்கப் போறேன். இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க சார், காலை நீட்டிக்கலாம்.

ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர்ல ஓடிட்டு அந்த ஊருக்குப் போனா காலு அழுதுடும். நம்ம ஊர்ல ஏத்தம்னா என்ன? மேம்பாலம். அதை விட்டா பரங்கிமலை. நாங்க ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள ஒரே மேம்பாலத்துல திரும்பத் திரும்ப ஏறி இறங்குவோம். ஒரு தடவை போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது தொலைச்சிட்டீங்களா சார்னு கேட்டாரு. அந்த லட்சணத்துல பழகிட்டு அங்க போவோம். அங்க ரோடே பாறைமேல போட்டது. ஏறி முடிச்சோம்டா சாமின்னு மூச்சு விட்டா, வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு நிக்கும். கடைசி எட்டு கிலோமீட்டர்ல ஒரு ஏத்தம் வரும். அதுக்கு நாங்க வச்ச பேரு மாமியார் ஏத்தம். சிரிக்காதீங்க. அங்க வந்து நின்னா சிரிப்பு வராது.

அந்த ஓட்டத்தை விடாம பத்து வருஷம் முடிச்சாத்தான் எங்க குழுவுல இந்த ஜாக்கெட். விடியல் ஓட்டக் குழுன்னு பேரு. விட்டு விட்டு முடிச்சா கணக்குல வராது. நடுவுல ஒரு வருஷம் போச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பத்தாவது வருஷம் குழு விழாவுல மேடையில ஏத்துவாங்க. பத்து மெடலையும் கழுத்துல மாட்டிக்கிட்டு ஏறணும், அதான் எங்க வழக்கம். ஏறும்போது மெடலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி சத்தம் போடும். கீழ இருக்கறவன் எல்லாம் எழுந்து நிப்பான். அந்தச் சத்தத்துக்காகத்தான் சார் மனுஷன் பத்து வருஷம் ஓடறது. பொய் சொல்லலை.

ஒன்பது முடிச்சிட்டேன். பத்தாவதுக்கு மூணு மாசம் இருக்கும்போது முட்டி போச்சு. பிசியோதெரபி பாக்குற அந்தப் பொண்ணு, என் பொண்ணு வயசுதான் இருக்கும், அங்கிள், நீங்க மாடிப்படியே ஏறக்கூடாது, மராத்தானை மறந்துடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டா. மறந்துடணுமாம். ஒன்பது வருஷத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடணுமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. ஒரு வாரம் சோறு இறங்கலை.

அப்பதான் எனக்கு மாப்ள ஞாபகம் வந்துச்சு.

மாப்ளன்னா என் தங்கச்சி வசுமதியோட வீட்டுக்காரர். பேரு குணசீலன். பேருக்கேத்த மனுஷன், அதை நான் மறுக்கவே மாட்டேன். கல்யாணமான நாள்லேர்ந்து அரும்பாக்கத்துல என் டைல்ஸ் கடையிலதான் இருந்தாரு. கடையைத் திறக்கறது, மூடறது, லோடு இறக்கறது, எல்லாம் அவருதான். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல. எனக்குத் துணைக்குன்னு ஓட வந்தாரு முதல்ல. என் தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வருவாரு. பாத்தா பாட்டிலையும் தூக்கிக்கிட்டு என்னைவிட வேகமா ஓடறாரு. ரெண்டு மூணு தடவை சொல்லிக்கூடப் பாத்தேன், மாப்ள, பின்னாடி வாங்க, முன்னாடி போனா எனக்குத் தண்ணி யாரு குடுக்கறதுன்னு.

உங்களுக்குத் தெரியாததா. நெஞ்சுல ஊக்கு குத்திக்கறமே நம்பர் சீட்டு, பிப்பு, அதுக்குப் பின்னாடிதானே சிப்பு ஒட்டியிருக்கு. ரோட்டுல போட்டிருக்கற பாயை மிதிச்சா பேரு ஏறிடும். மிஷினுக்கு முட்டி தெரியுமா, முகம் தெரியுமா? பிப்பை நானே நேர்ல போய் ஆதாரைக் காட்டி வாங்கிட்டேன். அதுல ஒரு தப்பும் இல்ல. வாங்கினது நான். ஓடறது மட்டும் அவரு. குடும்பத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் இதுகூட செய்யலைன்னா அப்புறம் என்ன குடும்பம்?

மாப்ள ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "மச்சான், நான் முப்பதுக்கு மேல ஓடினதே இல்லையே. அது நாப்பத்திரண்டாச்சே."

"முப்பதுக்கு மேல யாரும் ஓடறதில்ல மாப்ள. எல்லாரும் சும்மா நகர்றதுதான்"னு சொன்னேன். சிரிச்சாரு. சரின்னுட்டாரு.

வசுகிட்ட சொல்ல வேணாம்னுட்டேன். பொம்பளைங்க வாயில ஒண்ணு தங்குமா? மாப்ள எனக்குத் துணைக்கு வர்றாரு, பையைப் பாத்துக்குவாருன்னு மட்டும் சொன்னோம். அவ என்ன பண்ணா தெரியுமா, ரெண்டு பேருக்கும் புளியோதரை கட்டிக் குடுத்தா. "அண்ணே, முட்டியைப் பாத்துக்குங்க, முடியலைன்னா உக்காந்துடுங்க"ன்னா. மாப்ளகிட்ட, "அண்ணனை விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க"ன்னா. நல்ல பொண்ணுதான் சார். அப்ப நல்லாத்தான் இருந்தா.

வியாழக்கிழமை மாப்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டுச்சு. கொஞ்சம்தான். இதே வண்டிதான், மேல் பெர்த்துல போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்தே வந்தாரு. மாத்திரை குடுத்தேன், விட்டுடுச்சு. ஓட்டத்தன்னைக்குக் காலையிலயும் ரெண்டு மாத்திரை கையில குடுத்து, வழியில போட்டுக்குங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். இவ்வளவு அக்கறை யாரு எடுத்துக்குவா?

சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டல் ரூம்ல வச்சுத்தான் எனக்கு மீசை உறைச்சுது. நான் மீசை வைக்கிறதில்ல, பாக்கறீங்களே. வழி நெடுக போட்டோ எடுப்பானுங்க. தொப்பி என்னோடது போட்டாச்சு, கறுப்புக் கண்ணாடி என்னோடது போட்டாச்சு, சட்டை எங்க குழு சட்டை. அந்த மீசை மட்டும் மூஞ்சியில நிக்குது. "மாப்ள, அதை எடுத்துடுங்களேன்"னேன். இவ்வளவு நேரம் எல்லாத்துக்கும் தலையாட்டின மனுஷன், அதுக்கு மட்டும் மீசையைத் தடவிக்கிட்டே உக்காந்துட்டாரு. அவங்க அப்பா காரியத்துக்கே எடுக்காத மீசையாம். அன்னைக்கு சொந்தக்காரங்க எல்லாம் திட்டியிருக்காங்க, அப்பவும் எடுக்கலையாம். "வசு சிரிப்பா மச்சான்"னாரு. "பதினைஞ்சு நாள்ல வளர்ந்துடும். மீசையா பெருசு, பத்தாவது மெடல் பெருசு"ன்னு நானே என் ரேசரைக் கொண்டாந்து குடுத்தேன். பாத்ரூம் போய் எடுத்துட்டு வந்தாரு. ஆளே மாறிட்டாரு. மேல் உதடு பச்சைப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. அதைக் கையால மூடி மூடி எடுத்தாரு.

டீ சாப்பிடறீங்களா? இந்த வண்டி டீ வேணாம் சார். கூடூர்ல நல்லதா ஏறும்.

எங்க விட்டேன்? ஆங். காலையில இருட்டோட அவரை அனுப்பிட்டு நான் படுத்துட்டேன். மாப்ளகிட்ட தெளிவாச் சொல்லியிருந்தேன். என் டைம் அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு ரொம்ப முன்னாடி வந்தா குழுவுல சந்தேகப்படுவானுங்க. ரொம்ப லேட்டா வந்தா எனக்கு அசிங்கம். மாமியார் ஏத்தத்துல மட்டும் நடக்காதீங்க, நான் ஒன்பது வருஷமும் அங்க நடந்ததில்ல, எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேன்.

எழுந்து குளிச்சிட்டு கீழ போய் பெசரட்டு உப்புமா சாப்பிட்டேன். அந்த ஊர்ல அதை விட்டுடாதீங்க. சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்தா போன் அடிக்குது. வசு.

இப்பதான் போன்ல ஆப்புன்னு ஒண்ணு வந்துடுச்சே. வீட்டுல உக்காந்துக்கிட்டு நம்ம எந்தப் பாயைத் தாண்டறோம்னு பாப்பாங்க. வசு, அவ பொண்ணு மதுவந்தி, ஏழாவது படிக்குது, ரெண்டும் காலையிலேர்ந்து என் பேரைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. மாப்ள போன் ரூம்ல சார்ஜ்ல கிடக்கு. என் போன் என்கிட்ட. எடுக்கலைன்னா பயப்படுவா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரூம் நடுவுல நின்னு குதிச்சேன். நின்ன இடத்துலயே. மூச்சு வாங்கணுமே. ஏசி போட்ட ரூம்ல சும்மா மூச்சு வாங்குமா? அந்த முட்டியோட குதிச்சேன் சார், உயிர் போயிடுச்சு. அந்த வலி யாருக்காவது தெரியுமா? அதை யாரும் இன்னைக்கு வரைக்கும் கேக்கலை.

"அண்ணே! முப்பது தாண்டிட்டீங்களாம்! மது கைதட்டறா, கேக்குதா?"ன்னா.

"கேக்குது… கேக்குது…"ன்னேன், மூச்சு வாங்கிக்கிட்டே.

"பேசாதீங்க, பேசாதீங்க. ஓடுங்க. அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரே?"

"முடிவுல… நிக்கிறாரு… எனக்காக…"

"சரிண்ணே. சூப்பரா ஓடறீங்க அண்ணே"ன்னு வச்சிட்டா.

சந்தோஷமா இருந்துச்சு சார் எனக்கு. தங்கச்சி வாயால அப்படிக் கேக்கறது ஒரு சந்தோஷம்தானே?

அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு மறுபடியும் கூப்பிட்டா. மறுபடியும் குதிச்சேன். "அண்ணே, முப்பத்தஞ்சு தாண்டி எவ்வளவோ நேரமாச்சு, அடுத்தது வரவே இல்லையே. என்ன பண்றீங்க? உக்காந்துடுங்கண்ணே, போதும். மெடல் போனா போகுது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அண்ணிக்கு என்ன பதில் சொல்றது?"ங்கறா. கிட்டத்தட்ட அழறா. எனக்கும் உள்ளுக்குள்ள கோவம். என்ன இந்த மனுஷன் ஏத்தத்துல நடக்கறாரா, இவ்வளவு தூரம் சொல்லி அனுப்பியும்னு. வசுகிட்ட சொன்னேன், "முடிக்காம விடமாட்டேம்மா." சொன்னபடியே முடிஞ்சுது பாருங்க.

எப்படி முடிஞ்சுதுன்னு சொல்றேன். இதை நீங்க ஓட்டக்காரரா கேக்கணும். மாப்ள மாமியார் ஏத்தத்தை ஏறிட்டாரு. நடக்காம ஏறினாராம், பாத்தவங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் முடிவுக்கு ஐநூறு மீட்டர்கூட இருக்காது, ரோட்டோரம் உக்காந்துட்டாரு. அந்த வழியா ரெண்டு பசங்க வந்திருக்கானுங்க. ஒருத்தன் பூனாவாம், இன்னொருத்தன் அந்த ஊர்க்காரன். என்ன பண்ணுதுன்னு கேட்டிருக்கானுங்க. மாப்ள தமிழ்ல என்னமோ சொல்லியிருக்காரு, அவனுங்களுக்குப் புரியலை. கையை நீட்டி முன்னாடி காட்டினாராம். அவனுங்க ஓட்டக்காரனுங்க சார், புரிஞ்சுக்கிட்டானுங்க. முடிக்கணும்ங்கறாருன்னு. ரெண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கி நிறுத்தி, அவனுங்க டைமை விட்டுட்டு, மெதுவா, மெதுவா கூட்டிட்டுப் போயிருக்கானுங்க. ரெண்டு பக்கமும் ஜனம் நின்னு கைதட்டியிருக்கு. மேளம் அடிச்சிருக்கான். காலு ரெண்டும் தரையில இழுபட்டுக்கிட்டே வந்துச்சாம். பாயில இழுபட்டுச்சு. அவ்வளவுதான், பேரு ஏறிடுச்சு. கழுத்துல மெடலைப் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் விழுந்தாரு.

வேற எந்த விளையாட்டுலயாவது இப்படி உண்டா? சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்குது, பாருங்க கையை.

டாக்டருங்க வேற மாதிரி பேசுவாங்க. சூடு மூளைக்கு ஏறிடுச்சாம். உக்காந்த இடத்துலேர்ந்து நேரா ஆம்புலன்ஸ்ல ஏத்தி ஐஸ்ல போட்டிருந்தா நிலைமையே வேறயாம். ஆம்புலன்ஸும் அங்கதான் நின்னுச்சாம், அவரு கையை நீட்டின பக்கமே. அந்தப் பூனா பையன் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துக்கிட்டு அதைச் சொல்லிச் சொல்லி அழுதான், ஒருவேளை ஆம்புலன்ஸைத்தான் காட்டினாரோன்னு. நான் அவனைத் தட்டிக் குடுத்து அனுப்பினேன். நீ பண்ணது ரொம்ப நல்ல காரியம் தம்பின்னேன். இல்லாட்டி அந்தப் பையன் வாழ்நாள் பூரா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பான்.

ஒரே ஒரு தப்பு என் பக்கம். பிப்புக்குப் பின்னாடி அவசரத்துக்குக் கூப்பிடற நம்பர்னு ஒண்ணு இருக்குமே, அதுல என் சம்சாரம் அரசி நம்பர் இருந்துச்சு. அதை நான் யோசிக்கவே இல்ல. அவங்க அரசியைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டாருன்னு சொல்லியிருக்காங்க. அவ அலறிக்கிட்டு எனக்கே போன் பண்றா. என் வாயில வாழைப்பழம். "என்னடி?"ன்னேன். நான் உயிரோட பேசறதைக் கேட்டு அஞ்சு நிமிஷம் அழுதா. அழுது முடிச்சிட்டுக் கேக்கறா, "அப்ப அங்க விழுந்து கிடக்கறது யாருங்க?"

சொன்னேன். "ஐயோ, வசுவுக்குச் சொல்லணும்ங்க"ன்னா. "வாயை மூடிக்கிட்டு இரு"ன்னேன். ஏன் சொன்னேன்? யோசிக்காமலா சொல்வேன்? ரிசல்ட் சாயங்காலம்தான் உறுதியாகும். அதுவரைக்கும் யாரு வேணாலும் ஆட்சேபணை சொல்லலாம். வசு உடனே நாலு பேருக்குப் போன் போடுவா, குழுவுல ஒருத்தன் காதுல விழும், போச்சு. மாப்ள உயிரைக் குடுத்து ஓடின ஓட்டம் வீணாப் போயிருக்கும். அவருக்காகவும்தான் யோசிச்சேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சு ஓடினேன். அந்த முட்டியோட. பிப்பு மாறிப்போச்சுன்னு சொல்லி, அவரு ஆதாரைக் காட்டி, பேரையெல்லாம் சரி பண்ணி, பெரிய ரூமுக்கே ஏற்பாடு பண்ணேன். ஒரு குறையும் வைக்கலை. ஓட்டம் நடத்தறவங்க ஆபீஸ்லேர்ந்து அக்கறையா எனக்குப் போன் பண்ணாங்க, மயங்கி விழுந்தீங்களே சார், இப்ப எப்படி இருக்கீங்கன்னு. "ரொம்ப நல்லா இருக்கேன், நல்லா சாப்பிட்டேன், நன்றி"ன்னு சொன்னேன். அதுல பொய் இல்லையே?

மத்தியானத்துக்கு மேல மாப்ள கண்ணு முழிச்சாரு. கொஞ்ச நேரம்தான். நான் பக்கத்துலயே இருந்தேன். "முடிச்சுட்டேனா மச்சான்?"னு கேட்டாரு. "முடிச்சிட்டீங்க மாப்ள, என் டைமுக்கு அரை மணி லேட்டு, பரவாயில்ல"ன்னேன். அப்புறம், "வசு… வசுவைக் கூப்பிடுங்க மச்சான்"னாரு. கையால மேல் உதட்டை மூடிக்கிட்டே கேட்டாரு. "ரிசல்ட் வந்துடட்டும் மாப்ள, உடனே கூப்பிடறேன்"னு சொன்னேன். தலையாட்டினாரு. அவருக்கே புரிஞ்சுது. மாட்டேன்னு சொல்லாத மனுஷன், கடைசி வரைக்கும்.

சாயங்காலம் ரிசல்ட் உறுதியாச்சு. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் தாமதிக்கலை நான். ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நின்னு வசுவைக் கூப்பிட்டுட்டேன். மாப்ளைக்கு ஹோட்டல்ல மயக்கம், நீ காலையில முதல் ஃபிளைட்டுக்கு வான்னு நானே டிக்கெட் போட்டேன். மத்தியானமே சொல்லியிருந்தா ராத்திரிக்குள்ள வந்து சேர்ந்து, பேசியிருப்பாளாம். இது அரசி சொல்றது. என் சம்சாரமே அவ பக்கம். வசு வந்து இறங்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மாப்ள போயிட்டாரு. விதி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

எனக்கும் அழுகை வந்துச்சு சார். வராதா? இருபது வருஷம் என் கடையைப் பாத்துக்கிட்ட மனுஷன். இப்ப ரெண்டு பேரை வேலைக்குப் போட்டிருக்கேன், ரெண்டு பேரும் சேந்து அவரு பார்த்த வேலையில பாதி பாக்கலை.

வசு வந்தா. துணியை விலக்கிக் காட்டினாங்க. அவ பாத்துட்டு, "இவரு இல்ல"ன்னா. நர்ஸ் என்னைப் பாக்கறா. நான், "வசு, மாப்ளதாம்மா"ன்னேன். "இல்லண்ணே, அவரு இல்ல, வேற யாரோ"ன்னு திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டா. வராந்தா கோடி வரைக்கும் போயிட்டா, அந்த அளவுக்கு நம்பிக்கையா. நான்தான் பின்னாடியே போய், மீசை எடுத்துட்டாரும்மான்னு சொன்னேன். நின்னா. "அவரா எடுத்தாரு?"ன்னு கேட்டா. "ஆமா"ன்னேன். நான் குடுத்தது ரேசர்தானே. எடுத்தது அவருதானே?

சரி, இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு தூரம் சொல்லியிருக்கவே மாட்டேன். இதுக்கப்புறம்தான் அவங்க எனக்குப் பண்ணது.

போட்டோ எடுப்பானுங்கன்னு சொன்னேனே. நம்பரைப் போட்டா யாரு வேணாலும் பாக்கலாம். மதுவந்திக்கு என் நம்பர் மனப்பாடம், அன்னைக்குக் காலையெல்லாம் அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மாமா ஓடினதைப் பாக்கலாம்னு போட்டிருக்கு. பாத்தா எல்லாம் அவங்கப்பா. தொப்பி, கண்ணாடி, மீசை இல்லாம. இருட்டுல சிரிக்கிறாரு, பாலத்துல ஓடறாரு, கடைசியில ரெண்டு பசங்களுக்கு நடுவுல தொங்கறாரு. கழுத்துல மெடல்.

வசு எனக்குப் போன் பண்ணா. சண்டை போடுவான்னு நினைச்சு நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கலை. "அண்ணே, அந்த மெடலை மட்டும் குடுத்துடுங்க. வேற எதுவும் வேணாம். மது கேக்கறா"ன்னா. அவ்வளவுதான்.

நீங்களே யோசிங்க. அடுத்த மாசம் விழா. பத்து மெடலோட நான் மேடையேறணும். அப்புறம் கடையில கல்லாவுக்கு மேல கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் குடுத்தாச்சு, பத்துக்கு அளவெடுத்து. ஒரு இடம் காலியா இருந்தா வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான். எல்லாத்துக்கும் மேல, அது என் நம்பருக்கு வந்த மெடல். என் பேர்ல வந்தது. அதை எப்படி நான் தூக்கிக் குடுக்கறது?

ஆனா நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல சார். முந்தின வருஷம் மெடல் குடுக்கற இடத்துல கூட்டத்துல என் கழுத்துல ரெண்டு போட்டுட்டாங்க. கூடுதலா ஒண்ணு பீரோவுல கிடந்துச்சு. அதே நாடா, அதே மாதிரி பளபளப்பு. கையில வச்சா கனம்கூட ஒண்ணுதான். நல்லாத் துடைச்சு எடுத்து வச்சேன்.

பதினாறாம் நாள் காரியம். பொறந்த வீட்டுக் கோடி நான்தானே போடணும். நல்ல பட்டாவே எடுத்திருந்தேன். தட்டுல புடவையை வச்சு, அது மேல அந்த மெடலை வச்சு, எல்லார் முன்னாடியும் கொண்டு போய்க் குடுத்தேன். சொந்தக்காரங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. தனசேகர் மாதிரி அண்ணன் கிடைக்கணும்னு ஒரு பெரியவர் காதுபடவே சொன்னாரு. வசு புடவையைத் தொடலை. மெடலை மட்டும் எடுத்து ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டா. கண்ணை மூடி அப்படியே உக்காந்திருந்தா. அவ சந்தோஷப்பட்டா சார், நான் பாத்தேன். அவ்வளவோட விட்டிருக்கலாம்.

அந்தப் பொண்ணு வந்து அம்மா கையிலேர்ந்து அதை வாங்குச்சு. திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. பின்பக்கத்துல பொடி எழுத்துல வருஷம் போட்டிருக்கும், அதை யாரு படிப்பா? இது படிச்சுச்சு. அத்தனை பேரும் உக்காந்திருக்கற சபையில, கொஞ்சம்கூட குரலைத் தாழ்த்தாம, "மாமா, இதுல போன வருஷம்னு போட்டிருக்கே. அப்ப எங்கப்பா உயிரோடதானே இருந்தாரு?"ன்னு கேக்குது.

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. வசு கண்ணைத் திறந்து பாக்கறா. தட்டைக் கீழ வச்சிட்டு, ஷூவை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு வந்தவன்தான், இன்னைக்கு வரைக்கும் அந்த வாசலை மிதிக்கலை. என் ஜாக்கெட் விழாவுக்குப் பத்திரிகை வச்சேன், அம்மாவும் வரலை, பொண்ணும் வரலை.

ஏழாவது படிக்கிற பொண்ணு, பெரியவங்களை நாலு பேர் முன்னாடி அப்படிக் கேக்கலாமா? வளர்ப்பு சரியில்ல சார். அப்பன் இல்லாத பிள்ளை, வேற எப்படி வளரும்?